கதிர்காமநாதன் வைத்தியருக்கு எழுதிய மொட்டைக்கடிதம்

கெல்சென்கிர்ச்சனில் கதிர்காமநாதன் என்றொரு மனிதர் இருக்கிறார். வயது அறுபத்திரண்டு. மெலிந்த உடம்பு, நரைத்த மீசை, ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்கும் கண்கள். தமிழ்க் கடையில் மரக்கறி நிறுக்கும் தராசில் ஐமிச்சம் வந்து வீட்டுக்கு ஒரு தராசு வாங்கினார். பிறகு அந்தத் தராசில் ஐமிச்சம் வந்து இன்னொன்று வாங்கினார். இரண்டும் கடைத் தராசு காட்டிய அதே நிறையைக் காட்டியபோது, மூன்றும் கூட்டுச் சேர்ந்துவிட்டன என்று முடிவுகட்டினார்.

எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லின் வழியாக இந்த நாட்டுக்குள் வந்தவர். கூட்டிவந்த முகவரிடமே பொய்ப் பெயர் சொல்லியிருந்தார். வழியில் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குப் பெயர் கூப்பிட்டபோது அந்தப் பெயர் தன்னுடையதுதான் என்பது மறந்துபோய் இரண்டு நாள் பட்டினி கிடந்தாராம். ஏழு வருடம் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். இருபத்திரண்டு வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் நின்றார். தொழிற்சாலையை மூடியதும், வேலை தேடித் தரும் அலுவலகம் அவரைப் பக்கத்து ஊர் ஆவணக்காப்பகத்துக்கு அனுப்பியது. பழைய கடதாசிகளை ஒவ்வொன்றாகக் கமராவின் கீழே விரித்துப் படம் பிடித்து, இணையத்தில் ஏற்றுகிற வேலை. தாள்களை இரண்டு முறை எண்ணவேண்டும் என்பது அங்கே விதி. அவர் நான்கு முறை எண்ணுவார். அவருக்கென்று அளவெடுத்துத் தைத்த வேலை.

அங்கே அவருக்கு மேலதிகாரி மக்டலீன் என்ற ஜேர்மன்காரி. ஐம்பது வயது, சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, மாடிப்படி வரை கேட்கும் சிரிப்பு. போன தை மாதம் அவர் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்து கதிர்காமநாதனின் மேசையில் வைத்தார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் அந்த ஊரில் இருந்த ஒரு வைத்தியருக்கு நோயாளிகள் தபாலில் எழுதிய கடிதங்கள். முந்நூறுக்கு மேல் இருந்தன.

"தபாலிலேயோ? அப்படியென்றால் வைத்தியர் ஆளைப் பார்ப்பதில்லையா?" என்று கேட்டார் கதிர்காமநாதன்.

"எதற்குப் பார்க்கவேண்டும், ஹெர் நாதன்? குதிரை வண்டியில் மூன்று நாள் பயணம். வருத்தக்காரன் வழியிலேயே செத்துப்போவான்."

மக்டலீன் அந்தப் பழைய கோணல் எழுத்துகளைச் சினிமா விளம்பரம்போல வாசிப்பார். வாசித்துக் காட்டினார். என்ன தின்றேன், எத்தனை முறை வியர்த்தேன், வயிற்றால் போனது என்ன நிறம், எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் நோகிறது என்றெல்லாம் எழுதி, தாளை மடித்து, அரக்கு வைத்து முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். சிலர் சலத்தை, அதாவது சிறுநீரை, போத்தலில் அடைத்து, வைக்கோல் சுற்றி, தபால் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். வைத்தியர் தன் கையாலேயே முத்திரையை உடைத்து, வாசித்து, மருந்தை எழுதி அடுத்த வண்டியில் அனுப்புவாராம். பத்து வருடம் கடிதம் எழுதியவர்கூட அவர் முகத்தைக் கண்டதில்லை.

கதிர்காமநாதனுக்கு அந்த ஏற்பாடு நன்றாகப் பிடித்துக்கொண்டது. காத்திருக்கும் அறை இல்லை, பக்கத்துக் கதிரையில் தெரிந்த முகம் இல்லை. நல்ல காலம்தான் என்று நினைத்தார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை. பாத்றூமில் நின்றவர் தற்செயலாகக் கீழே பார்த்தார். சிவப்பு. நோவில்லை, எரிவில்லை, சும்மா சிவப்பு. முதல் நாள் இரவு பீற்றூட் கறி சாப்பிட்டது ஞாபகம் வந்தது. நேரே குசினிக்குப் போனார். மனைவி புஸ்பவதி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும், ராத்திரி பீற்றூட்டுக்குள்ள என்ன போட்டனீர்?"

"பீற்றூட்டுக்குள்ள பீற்றூட் போட்டனான். ஏன்?"

"சும்மா கேட்டனான். இனி உது வேண்டாம்."

வீட்டில் பீற்றூட் தடைசெய்யப்பட்டது. இரண்டு கிழமை கழித்து மறுபடியும் சிவப்பு. கழிப்பறையில் தொங்கவிடும் வாசனைக் கட்டியைச் சந்தேகித்துக் கழற்றி எறிந்தார். கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் துருப்பிடித்திருக்கலாம் என்று வீட்டுக்காரனுக்கு முறைப்பாடு எழுதினார். மூன்றாம் முறை, வேலைத்தலத்துக் கழிப்பறையிலும் அதே சிவப்பு வந்தபோது, சந்தேகப்படுவதற்குத் தன் உடம்பைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை.

பிராக்சிஸ் என்று இங்கே எல்லோரும் சொல்லும் குடும்ப வைத்தியரின் இடம் வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை. ஆனால் அங்கே வரவேற்பு மேசையில் இருப்பவள் சுபானி. அங்கேதான் சிக்கல்.

கதிர்காமநாதனின் ஒரே மகள் தேனுஜா பிராங்பேர்ட்டில் வங்கி வேலை. அவளும் சேயோன் என்ற பிள்ளையும் ஒருவரையொருவர் விரும்பி, விசயம் வீட்டுக்கு வந்து, பேச்சுக்கால் நடந்து, ஆவணிக்குக் கலியாணம் என்றாகியிருந்தது. சேயோனின் தாய் சுந்தரேஸ்வரி. கணவனை இழந்தவர். அந்தச் சுந்தரேஸ்வரியின் அண்ணன் மகள்தான் இந்தச் சுபானி. வருத்தத்தை மேசையில் சொல்லித்தான் உள்ளே போகவேண்டும். தகப்பனுக்குப் பொல்லாத வருத்தம் என்று தெரிந்தால், பரம்பரை வருத்தமோ, பெட்டைக்கும் வருமோ என்று ஒரு கதை எழும். கதை எழுந்தால் கலியாணம் விழும். நோயாளியின் விசயத்தை வெளியே சொன்னால் சட்டப்படி தண்டனை என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது உண்மைதான். சட்டம் ஜேர்மன்காரனுடையது, வாய் எங்களுடையது என்பது அவர் எண்ணம்.

வேறு குடும்ப வைத்தியர்களைத் தேடினார். நான்கு பேர் புது ஆட்களை எடுப்பதில்லை என்றார்கள். கடைசியில் எசென் நகரில் சலம் சம்பந்தமான வருத்தங்களைப் பார்க்கும் ஒரு சிறப்பு வைத்தியரிடம், வேறு யாரோ வராமல் விட்ட ரெர்மின், அதாவது சந்திப்பு நேரம், ஒன்று கிடைத்தது. தொப்பியை இமை வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். காத்திருக்கும் அறைக் கதவைத் திறந்தார். நேர் எதிரே, தலைகீழாகப் பிடித்த சஞ்சிகைக்குப் பின்னால், கோயில் நிர்வாகசபைப் பொருளாளர் நவரத்தினம்.

"ஓ, கதிர்காமநாதன் அண்ணையோ?" என்றார் நவரத்தினம். முகம் வெளிறிவிட்டது. "நான்... நான் இஞ்ச ஹீற்றர் பார்க்க வந்தனான். தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் பூட்டினது."

"நானும் கட்டடம் மாறி வந்திட்டன். பல்லு டொக்டர் மேலேயாக்கும்."

"பல்லு டொக்டர் அடுத்த றோட்டில."

"அப்ப சரி, நான் அடுத்த றோட்டுக்குப் போறன்."

"நானும் இறங்கிறன். ஹீற்றர் நல்லாத்தான் இருக்கு."

இருவரும் ஒரே மின்தூக்கியில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கோயில் தேருக்குப் புது வடம் வாங்குவதைப்பற்றி மிகத் தீவிரமாகக் கதைத்தபடி இறங்கி, எதிரெதிர்த் திசைகளில் நடந்தார்கள். அந்த வைத்தியருக்கு அன்று இரண்டு ரெர்மின் வீண்.

அதற்கடுத்த நாள் காப்பகத்தில் நூற்றெண்பத்தெட்டாம் கடிதம் கமராவின் கீழே வந்தது. ஒரு புரட்டஸ்தாந்துப் பாதிரியார் எழுதியது. மக்டலீன் குனிந்து வாசிக்கத் தொடங்கினார்: "எனக்குத் தெரிந்த ஒரு நண்பர், ஐம்பது வயதைக் கடந்தவர், ஊரில் மதிப்பானவர், தன் பெயரை வெளியிட விரும்பவில்லை. அவருக்கு வயிற்றின் இடப்பக்கம் ஒரு கட்டி..." இரண்டு பக்கம் நீண்டது. மக்டலீனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நண்பராம்! நண்பர் இரவில் எத்தனை முறை புரண்டு படுத்தார் என்று எண்ணிக்கொண்டு இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாராமா?"

கதிர்காமநாதனும் கூடச் சிரித்தார். ஆனால் அவர் மனதில் எழுந்தது வேறு. வைத்தியரிடம் போகத் தேவையில்லை. சுபானிக்குச் சொல்லத் தேவையில்லை. பெயரும் தேவையில்லை. பாதிரியார் செய்த பிழை, வளவளவென்று எழுதியதுதான். தான் சுருக்கமாக எழுதினால் சரி.

அன்று பின்னேரம் புஸ்பவதி சந்தைக்குப் போனதும் வேலையைத் தொடங்கினார். கைகால் முகம் கழுவினார். கைரேகை படக்கூடாதென்று காப்பகத்துப் பருத்திக் கையுறையைப் போட்டார். வெள்ளைத் தாளை மேசையில் நேராக வைத்து, வழக்கம்போல் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே கையெழுத்துப் பிடிபடாதபடி முழுக்க அச்செழுத்தில் தன் குடும்ப வைத்தியருக்கு ஜேர்மன் மொழியில் எழுதினார்: "மதிப்புக்குரிய டொக்டர் அம்மா, எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, வயது ஏறக்குறைய அறுபது, மூன்று முறை சலத்தில் இரத்தம் போயிருக்கிறது. நோவில்லை. அவர் வர முடியாத நிலையில் இருக்கிறார். என்ன மருந்து எடுக்கலாம் என்று தபாலில் அறியத் தரவும்." பெயர் எழுதவில்லை. மறுமொழிக்கு ஆவணக்காப்பகம், கமரா அறை என்று முகவரி கொடுத்தார். அங்கே வரும் தபாலைப் பிரிப்பவர் அவர்தான். தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும் என்று டோர்ட்முண்ட் வரை ரயிலில் போய், அங்கும் நிலையத்துக்குப் பக்கத்துப் பெட்டியை நம்பாமல் நான்கு தெரு நடந்து, கடிதத்தைப் போட்டார். இரண்டு முறை பெட்டிக்குள் விரலை விட்டு விழுந்துவிட்டதா என்று பார்த்தார்.

இதற்கிடையில் புஸ்பவதியும் சும்மா இருக்கவில்லை. முப்பத்திநான்கு வருடத்தில் தோய்க்கும் இயந்திரத்தை எந்தப் பக்கத்தால் திறப்பது என்று தெரியாத மனிதன், இப்போது தன் உள்ளுடுப்பைத் தானே தோய்க்கிறார். பாத்றூமுக்குள் போனால் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் நிற்கிறார். காற்சட்டைப் பையில் டோர்ட்முண்ட் ரயில் சிட்டை. மேசையில் வெள்ளைத் தாள் கட்டு. காப்பகத்தில் மக்டலீன் என்று ஒருத்தி கடிதம் வாசித்துக் காட்டுவாள் என்று அவரே வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். புஸ்பவதி ஒன்றும் கேட்கவில்லை. அவர் போடும் தேத்தண்ணியில் சீனி மட்டும் நாளுக்கு நாள் குறைந்தது. கதிர்காமநாதன் அதையும் கவனித்தார். தனக்குச் சீனி வருத்தம் என்று தனக்குத் தெரியாமல் யாரோ புஸ்பவதிக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் மறுமொழி வரவில்லை. பதினோராம் நாள் பெட்டியில் அடுத்த தாள்கள் வந்தன. பாதிரியாருக்கு வைத்தியர் எழுதிய பதிலின் பிரதி: "அந்த நண்பரை நேரில் வரச் சொல்லுங்கள். கடதாசியை அமுக்கிப் பார்த்துக் கட்டியின் அளவை அறிய என்னால் முடியாது." அதற்கு அடுத்தது பாதிரியாரின் மனைவி எழுதியது. மக்டலீன் இந்த முறை சிரிக்காமல் வாசித்தார்: "என் கணவர் உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் இறந்துபோனார். நண்பருக்காக எழுதுவதாக அவர் தங்களுக்கு எழுதியவை அவரைப் பற்றியவைதான். வேறு எவர் கண்ணிலும் படாமல் அந்தக் கடிதங்களை எரித்துவிடும்படி மன்றாடுகிறேன்."

"ஆனால் எரிக்கவில்லையே," என்றார் கதிர்காமநாதன்.

"இல்லை. அதனால்தான் நாம் இப்போது உலகத்துக்கே காட்டுகிறோம். படத்தை ஏற்றுங்கள், ஹெர் நாதன்."

அவர் ஏற்றினார். முதல் படம் கலங்கி, திரும்ப எடுக்கவேண்டியதாயிற்று. இந்தத் தாளை மக்டலீன் வேண்டுமென்றே இன்றைக்கு எடுத்துவந்தாளோ என்றொரு ஐமிச்சம். இலக்கங்களைப் பார்த்தார். வரிசைப்படிதான் வந்திருந்தது. வரிசையை யார் போட்டது என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மறுமொழி வந்தது. பிராக்சிசின் உறை. கணினியில் அடித்த நான்கே வரி: "தபாலில் நான் எவருக்கும் வைத்தியம் செய்ய முடியாது. நோவில்லாமல் இரத்தம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த மனிதர் வரும் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, கதவு திறக்க முன்னரே வரட்டும். வேறு ஆட்கள் இருக்கமாட்டார்கள்." கீழே வைத்தியரின் கையொப்பம். மேலே, தாளின் உச்சியில், நீல நிறப் பேனாவால் அழகாகச் சுழித்து ஒரு பிள்ளையார் சுழி.

கதிர்காமநாதன் கதிரையில் இருந்துவிட்டார். எந்த ஜேர்மன் வைத்தியர் பிள்ளையார் சுழி போடுவார்? அப்போதுதான் தன் கை செய்த வேலை நினைவுக்கு வந்தது. ஐந்து வயதிலிருந்து, தாளைக் கண்டால் அவரைக் கேட்காமலே அந்தக் கை செய்கிற வேலை. பழைய காலத்து வைத்தியரைப்போல டொக்டர் அம்மாவும் தன் கையாலேயே உறையைக் கிழிப்பார் என்று நினைத்திருந்தார். இந்தக் காலத்தில் பிராக்சிசுக்கு வரும் தபால் எல்லாவற்றையும் திறந்து கணினியில் ஏற்றுவது சுபானி. கையுறை போட்டு, டோர்ட்முண்ட் போய், நான்கு தெரு நடந்து, கடைசியில் 'நான் தமிழன், சைவன்' என்று நெற்றியிலே எழுதிக் கொடுத்திருக்கிறார். கெல்சென்கிர்ச்சனில் இருந்துகொண்டு ஆவணக்காப்பகத்தில் வேலை செய்யும் தமிழர் எத்தனை பேர்? ஒருவர்.

செவ்வாய்க்கிழமை அவர் போகவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் சுந்தரேஸ்வரியைக் கண்டார். "என்ன அண்ணை, முகம் வாடிக் கிடக்கு?" என்று கேட்டார் அந்தப் பெண். அது ஒன்றே போதுமாயிருந்தது. சுபானி சொல்லிவிட்டாள். பூசகர் விபூதி கொடுக்கும்போது வழக்கத்தைவிட அதிகம் கொடுத்ததுபோலவும் பட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டதோ?

அடுத்த வியாழக்கிழமை தொலைபேசி. சுந்தரேஸ்வரி.

"அண்ணை, சனிக்கிழமை நாங்கள் வாறம். ஒரு விசயம் நேரில கதைக்கவேணும்."

"போனில சொல்லலாமே?"

"போனில ஏலாது. உங்களுக்குக் கோவம் வரும்."

கதிர்காமநாதனுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் காலையில் மறுபடியும் சிவப்பு. இந்த முறை கட்டியாகவும் வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் சுந்தரேஸ்வரி படியேறி வந்தார். கையில் பழங்களும் ஒரு கேக் பெட்டியும். சேயோன் வாகனம் விட இடம் தேடித் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தான். புஸ்பவதி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தார். கதிர்காமநாதன் வடையைத் தொடவில்லை. கேக் பெட்டியைப் பார்த்தார். முறிக்க வருகிறவர்கள் எதற்குக் கேக் கொண்டுவரவேண்டும்? மனம் ஆறட்டும் என்றுதான்.

"எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை, அண்ணை," என்று தொடங்கினார் சுந்தரேஸ்வரி. "நாங்கள் ஆவணி எண்டு கதைச்சனாங்கள். ஆனால் இப்ப..."

"தெரியும்! எனக்கு எல்லாம் தெரியும்!" கதிர்காமநாதன் எழும்பி நின்றுவிட்டார். "ஓம், சலத்தில ரத்தம் போறது உண்மைதான். நாலு தரம் போட்டுது. நான் மறைச்சனான்தான். அதுக்காகப் பெட்டையின்ர வாழ்க்கையைக் குழப்பாதேங்கோ. அவளுக்கு ஒண்டும் இல்லை. எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் உந்த வருத்தம் இல்லை. என்ர அப்பா எண்பத்தேழு வயசில மாமரத்தால விழுந்துதான் செத்தவர்!"

சுந்தரேஸ்வரியின் கையில் வடை பாதி வழியில் நின்றது.

"என்னண்ணை சொல்லுறியள்? நான் கலியாண ஹோல் விசயமாய் வந்தனான். ஆவணியில ஹோல் கிடைக்கேல்லை, ஆனிக்கு மாத்துவமோ எண்டு கேக்க..."

"ஹோலோ?"

"ஓம், ஹோல்."

"சுபானி உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவள் எனக்கு என்ர கொலஸ்ட்ரோலையே சொல்லமாட்டாள், அண்ணை. டொக்டரைக் கேளுங்கோ மாமி எண்டுவாள்."

புஸ்பவதி தட்டைக் கீழே வைத்தார். "சலத்தில ரத்தமோ? எப்ப தொடக்கம்?"

"பீற்றூட் தொடக்கம்."

"அப்ப மக்டலீன்?"

"எந்த மக்டலீன்? அவளுக்கு ஏன் ரத்தம் போறது?"

இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று புஸ்பவதிக்குத் தெரியவில்லை. கடைசியில் அழுதார். அழுதுகொண்டே, "உள்ளுடுப்புத் தோய்க்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியேல்லை" என்று திட்டினார்.

சுந்தரேஸ்வரி வடையைத் தட்டில் வைத்து, விரலைத் துடைத்தார்.

"அண்ணை, சேயோன்ர அப்பா எப்பிடிச் செத்தவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"மாரடைப்பு எண்டு..."

"அது ஊருக்குச் சொன்னது. ஒண்டரை வருசம் அவருக்குச் சலத்தில ரத்தம் போனது. மூத்தவளின்ர கலியாணம் முடியட்டும், அதுக்குப் பிறகு பாப்பம் எண்டார். நானும் ஓம் எண்டனான். ஆக்கள் கதைப்பினம் எண்டு எனக்கும் பயம். கலியாணம் முடிஞ்சு நாலாம் மாதம் அவரும் முடிஞ்சிட்டார்." கணக்குப் பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னார். "திங்கக்கிழமை காலமை நீங்கள் டொக்டரிட்டப் போறியள். போகாட்டில் இந்தக் கலியாணம் இல்லை."

கதிர்காமநாதன் அவரை உற்றுப் பார்த்தார். "உது வெருட்டோ?"

"ஓம், வெருட்டுத்தான்."

அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு சேயோன் வந்தான். மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன, ஹோல் பிரச்சினை அவ்வளவு பெரிசோ?" என்றான். கேட்டுக்கொண்டே வடையை எடுத்தான்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கே கதிர்காமநாதன் பிராக்சிஸ் வாசலில் நின்றார். ஒரு பக்கம் புஸ்பவதி, மறுபக்கம் சுந்தரேஸ்வரி. தப்பி ஓடாதபடி காவல். உள்ளே சுபானி வெள்ளைச் சட்டையோடு கணினியைத் திறந்துகொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. மூக்கில் சின்னக் கல்லு.

"வணக்கம் அங்கிள். காப்புறுதிக் காட்டைத் தாங்கோ."

அட்டையைக் கொடுத்தார். மேசையில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, அந்தக் கடிதம்..."

"எந்தக் கடிதம்?"

"சுழி போட்ட கடிதம்."

சுபானி நிமிர்ந்தாள். "இஞ்ச வாற கடிதம் ஒவ்வொண்டையும் மனதில வைச்சிருந்தால் எனக்கு விசர்தான் பிடிக்கும், அங்கிள். இந்த ஊரில நாப்பத்திமூண்டு தமிழாக்களின்ர வருத்தம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கே சொன்னதில்லை."

"அப்ப ஏன் நீர் சுழி போட்டனீர்?"

"எங்கட பிள்ளை ஒண்டு இஞ்ச இருக்கு, பயப்பிடாமல் வரலாம் எண்டு நீங்கள் விளங்கிக்கொள்ளட்டும் எண்டுதான்."

"அதாலதான் பிள்ளை நான் வரேல்லை."

சுபானிக்கு முகம் சுருங்கிவிட்டது. "செவ்வாய்க்கிழமை நானும் டொக்டரும் ஏழு மணிக்கே வந்து பார்த்துக்கொண்டிருந்தனாங்கள்," என்றாள். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "உள்ளுக்குப் போங்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. அதுவே கதிர்காமநாதனுக்குச் சந்தேகத்தைத் தந்தது. இந்த நாட்டில் கதிரை வாங்கினால்கூட ஆறு கிழமை காக்கவேண்டும். டொக்டர் அம்மா தானே தொலைபேசி எடுத்து இரண்டு நாளில் சிறப்பு வைத்தியரிடம் அனுப்பினார். சலப்பையில் கமரா விட்டார்கள். திரையில் வெள்ளைப் பூப்போல ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் சுரண்டி எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் ஆளிடம் போத்தலின் காலாவதித் திகதியைக் காட்டச் சொல்லி வாசித்த பிறகுதான் கதிர்காமநாதன் கண்ணை மூடினார். எடுத்த துண்டைச் சோதிக்க அனுப்பியிருக்கிறோம், முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

தபாலில்.

பன்னிரண்டு நாள். தபால்காரன் தெருமுனையில் திரும்பும்போதே கதிர்காமநாதன் கீழே நிற்பார். தபால்காரன் அவருக்குப் பயந்து எதிர்ப்பக்க வீடுகளை முதலில் முடித்தான். பதின்மூன்றாம் நாள் உறை வந்தது. மூன்று பக்கம், பாதி இலத்தீன். புஸ்பவதி சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் திறந்தார். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. படம் எடுத்துத் தேனுஜாவுக்கு அனுப்பினார்கள். ஐந்து நிமிடத்தில் அவள் தொலைபேசியில் வந்தாள்.

"அப்பா, நல்ல செய்தி. ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை. எல்லாம் எடுத்தாச்சு."

"மூண்டு பக்கத்துக்கும் அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான் அப்பா. சத்தியமா."

கதிர்காமநாதன் தொலைபேசியை வைத்தார். "இவள் பள்ளிக்கூட றிப்போட்டையும் இப்பிடித்தான் வாசிச்சுக் காட்டினவள்," என்றார் மனைவியிடம். "கணக்கில நல்ல முன்னேற்றம் எண்டாள். பிறகு ரீச்சர் வீட்டை வந்தா. நம்பேலாது."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, ஆறு நிமிடத் தூரத்தை நான்கு நிமிடத்தில் நடந்து பிராக்சிசுக்குப் போனார். காத்திருக்கும் அறை நிரம்பி வழிந்தது. கதவு திறந்தே கிடந்தது. ஜேர்மன் கிழவர்கள், ஒரு துருக்கிக் குடும்பம், மூலையில் கோயிலில் பூக்கட்டும் அன்னப்பிள்ளை அக்கா. அன்னப்பிள்ளைக்குக் காது மட்டும் இருபது வயது.

கதிர்காமநாதன் கடிதத்தைச் சுபானியின் முன்னால் விரித்தார்.

"பிள்ளை, இதை வாசிச்சுச் சொல்லும்."

சுபானி கண்ணை ஓட்டினாள். அன்னப்பிள்ளையைப் பார்த்தாள். "அங்கிள், உள் அறைக்கு வாங்கோ. ஆக்கள் இருக்கினம்."

"இருக்கட்டும். இதிலயே வாசியும்."

"டொக்டர்தான் சொல்லவேணும்..."

"டொக்டர் பிறகு சொல்லட்டும். இப்ப நீர் வாசியும். நீர் வாசிச்சால்தான் நான் நம்புவன்."

சுபானி உள்ளே போய் டொக்டர் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தாள். தாளை நேராகப் பிடித்தாள். ஒரு வரியைக்கூட விடாமல் முதலில் ஜேர்மனில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னாள். ஆம், புற்றுநோய்தான். ஆனால் மேல் தோலோடு நின்றிருக்கிறது. தசைக்குள் இறங்கவில்லை. முழுவதும் எடுத்தாகிவிட்டது. திரும்பி வரக்கூடிய வகை, அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமரா விட்டுப் பார்க்கவேண்டும். "இன்னும் ஆறு மாதம் பிந்தியிருந்தால் வேற கதை எண்டு எழுதேல்லை, அங்கிள். ஆனால் டொக்டர் அப்பிடித்தான் சொன்னவா," என்றாள்.

புற்றுநோய் என்ற சொல்லைத் தேனுஜா சொல்லியிருக்கவில்லை. இவள் சொல்லிவிட்டாள். மூலையில் அன்னப்பிள்ளை அக்கா மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. கதிர்காமநாதன் திரும்பிப் பார்க்கவில்லை.

"திரும்ப ஒருக்கா வாசியும், பிள்ளை."

அவள் திரும்ப வாசித்தாள். அதே சொற்கள் அதே வரிசையில் வந்தன.

"பின்பக்கத்தில?"

சுபானி மூன்று தாளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து வருகிற திகதியை அவளிடம் எழுதி வாங்கினார்.